ஏழு நாளும் வெயில்

மொட்டை மாடியில் ஒழுகல் அடைக்கும் பூச்சு பூச வந்த பெயின்டருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா காலையிலிருந்து மூன்றாவது தடவையாக மாடியேறி வந்து நின்றார். தோளில் ஆபீஸ் பை, கையில் குடை. ஆனால் ஆபீசுக்குக் கிளம்பியபாடில்லை.

“மேலே தார்ப்பாய் கட்டச் சொன்னேனே, என்னாச்சு?”

“தார்ப்பாய் கட்டினா பூச்சு எப்படிம்மா காயும்? சாயங்காலம் வரைக்கும் வெயில் பட்டாத்தான் பிடிக்கும்.”

“மழை அதுக்கு முன்னாடியே வந்துடும். பூச்சு கரைஞ்சு ஓடினா மறுபடி என் கட்டில் மேலதான் ஒழுகும்.”

இந்த வேகாத வெயிலில் மழையாம். பதினெட்டு வருஷமாகப் பூசுகிறவனுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள் என்று பெயின்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த பேப்பரை உருவி நீட்டினார்.

“இன்னிக்குப் பேப்பர்தான், பாருங்க. ஏழு நாளும் வெயில் கொளுத்தும், சொட்டு மழை கிடையாதுன்னு வானிலை ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. படிச்சவங்க கணக்குப் போட்டு எழுதியிருக்காங்கம்மா. அவங்களைவிட உங்களுக்கு அதிகமாத் தெரிஞ்சுடுமா?”

அந்த அம்மா பேப்பரை வாங்கவே இல்லை. பையையும் குடையையும் தரையில் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார்.

“அதை எழுதினதே நான்தான். அதனாலதான் சொல்றேன், அந்த முனையைப் பிடிங்க.”