பட்டாபிராமில் ஒரு பட்டமளிப்பு

"எம் பொண்ணுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரம்மா. ஒட்டினது தெரியக்கூடாது. எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆடி மாசப் புழுக்கத்தில் குரங்குக் குல்லாவும் மாஸ்க்குமாக வந்து நின்ற ஆளை, ஸ்டூடியோ உத்தமன் மேலும் கீழும் பார்த்தான்.

"மணவாளன் சாரா? இன்னா சார், நீங்க இங்கிலாந்துல கீறதா தெருவே சொல்லுது?"

"மெதுவாப் பேசுய்யா!" மணவாளன் பாய்ந்து கதவைச் சாத்தினார்.

பாவம், மனுஷன் வேறென்ன செய்வார்? ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா. இன்ஜினியரிங்கில் இங்கே ரெண்டு வருஷம், இங்கிலாந்தில் ரெண்டு வருஷம். ரெண்டு யுனிவர்சிட்டி, ரெண்டு டிகிரி. சென்ட்ரல் போகிற ரயிலில் இதை அவர் சொல்லாத ஆளே கிடையாது. ஒருமுறை டிக்கெட் செக்கரையே நிறுத்திச் சொன்னார்.

அங்கே நடக்கிற பட்டமளிப்பு விழாவுக்கு ஜோடியாகப் போகிறோம் என்று தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். மறுநாளே விசா கிடையாது என்று வந்துவிட்டது. கொடுத்த ஜாங்கிரியைத் திருப்பியா கேட்க முடியும்? பெட்டியோடு, கழுத்தில் மாலையோடு, தெருவே டாட்டா காட்ட டாக்ஸி ஏறி, நேராக வேப்பம்பட்டில் மச்சினி வீட்டில் இறங்கிவிட்டார்கள். ஒன்பது நாள் ஆச்சு. வாசலில் தலை காட்டவில்லை.

"நாளைக்கு வீட்டுக்குத் திரும்பறோம். எதிர்வீட்டுப் பரந்தாமன் முதல் வேலையா போட்டோ எங்கேன்னுதான் கேப்பான். காட்டலேன்னா எம் மானமே போச்சு."

"உங்க மானத்துக்காக ஒன்பது நாளா கொசுக்கடி," என்றாள் கூட வந்திருந்த மனைவி பஞ்சவர்ணம்.

மகள் அனுப்பிய போட்டோவை மணவாளன் செல்லில் எடுத்துக் காட்டினார். கறுப்புக் கவுன், தலையில் சதுரத் தொப்பி, பின்னால் பெரிய கல் கட்டடம். உத்தமன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இதுவா சார்? வேற எதுனா போட்டோ கீதா?"

"ஏன், இதுக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல சார்..." என்று இழுத்தபடி கம்ப்யூட்டரில் போட்டான். தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

"பெருசாக் காட்டுய்யா. எம் பொண்ணு முகத்தைப் பாக்கறேன்."

"பெருசு பண்ணா ஹேங் ஆவும் சார்."

"அதெல்லாம் ஆவாது, நகரு," என்று பஞ்சவர்ணமே மவுஸைப் பிடித்துப் பெரிதாக்கினாள். திரையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கவுன்ல தோள்கிட்ட ஒரு ஊக்கு குத்தியிருக்கு."

"குத்தியிருந்தா இருக்கட்டுமே."

"அந்த ஆணியில ஒரு கவுன் தொங்குது பாருங்க. அதுலயும் குத்தியிருக்கு. அதே இடத்துல."

ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்க உத்தமன் வாங்கி வைத்திருந்த கவுன் அது. மணவாளன் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். துருப்பிடித்த அதே ஊக்கு. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உத்தமா, நீயா ஒட்டினே?"

"பாப்பாதான் சார் முகத்தை மட்டும் அனுப்பிச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுச்சு."

"அப்போ டிகிரி?" மணவாளன் குல்லாவைக் கழற்றினார். அடுத்த நிமிஷம் வெடித்தார். "ரெண்டு டிகிரி ரெண்டு டிகிரின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், பொய் போட்டோ அனுப்பியிருக்கா! இவ்வளவு பெரிய பொய் சொல்ல யார்கிட்ட கத்துக்கிட்டா?"

பஞ்சவர்ணம் குரங்குக் குல்லாவை ஒரு பார்வை பார்த்தாள்.

அவளே மகளுக்கு வீடியோ கால் போட்டாள். அப்பாவுக்குப் பின்னால் தெரிந்த ஸ்டூடியோவைப் பார்த்ததும் கிருஷ்ணப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டிகிரி வாங்கினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"வாங்கிட்டேன்ப்பா. ரெண்டும்!" ஓடிப்போய் ஃபைலை எடுத்துவந்து ரெண்டு பட்டத்தையும் கேமரா முன்னால் பிடித்தாள். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது.

மணவாளனுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் விழாவுல எடுத்த போட்டோவை அனுப்ப உனக்கென்ன கேடு?"

"விழாவுக்கு நான் போகலப்பா."

"ஏன்டி?"

"எல்லாரும் அப்பா அம்மாவோட வந்து நிப்பாங்க. நான் மட்டும் யாரோட நிக்கறது? ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். சொன்னா உங்களாலதான் போகலைன்னு ரெண்டு பேரும் அழுவீங்க. அதான் இப்படி."

மணவாளன் குல்லாவாலேயே மூக்கைத் துடைத்தார்.

"சரி, வேப்பம்பட்டுல கொசு ரொம்பவாப்பா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பெட்டியோட வந்து இறங்கின அன்னிக்கே சித்தி சொல்லிட்டாங்க," என்று சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

மணவாளன் எழுந்தார். "விடு உத்தமா. எங்களை ஒட்டவேணாம். பரந்தாமன்கிட்ட உள்ளதைச் சொல்லிக்கறேன். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்."

"அட, குந்துங்க சார்." உத்தமன் காமிராவை எடுத்துக்கொண்டு வந்தான். "'எங்கப்பா எப்படியும் உங்ககிட்டதான் வருவாரு, எனக்கு ரெண்டு பக்கமும் இடம் வுட்டு வைங்கண்ணா'ன்னு முகத்தை அனுப்பிச்சப்பவே பாப்பா சொல்லிடுச்சு."