நூற்று நாற்பது பச்சை

நாலாயிரத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று திரை பதினோராவது முறையாகச் சிவப்பில் சொன்னது. நஜ்லா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே கால்.

ஒரு மணிக்குள் காபெஸ் நகரத்தின் ஆம்புலன்ஸ் நிலையம், வண்டிகளை அனுப்பும் பழைய மென்பொருளை அணைத்துவிட்டு, நஜ்லாவின் நிறுவனம் எழுதியதற்கு மாற வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில்தான் அழைப்புகள் குறையும் என்று நிலையத் தலைவர் ஸி மொன்சஃப் அந்த நேரத்தைக் குறித்திருந்தார்.

போன அக்டோபரில் பழைய மென்பொருள் உறைந்து நின்றுவிட்டது. ஜாரா சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஒருவர் நாற்பது நிமிடம் தரையிலேயே கிடந்தார். வண்டி போய்ச் சேர்ந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் இன்று காலையிலிருந்து நஜ்லாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது போலவே இருந்தது.

காலையில் அவள் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தாள். ஒரு வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டால், அதை விட்டுவிட்டு அடுத்த வண்டியை அனுப்ப வேண்டும். அந்த மாற்றம் வேறு எதையும் கெடுத்துவிடவில்லை என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்குத்தான் சோதனைகள். கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர், அதாவது அவர்களின் மென்பொருள், புதிதாகத் தொடங்கி, கணினியில் நாலாயிரம் என்ற எண்ணுள்ள வாசலில், போர்ட்டில், போய் உட்காரும். உடனே நூற்று நாற்பது சோதனைகள் அந்த எண்ணைக் கூப்பிட்டு வரிசையாகக் கேள்வி கேட்கும்; சரியான பதிலுக்குப் பச்சை விழும். ஒரு போர்ட்டில் ஒரு சர்வர்தான் உட்காரலாம். முன்பு ஓடியது எழுந்திருக்கத் தாமதித்தால், புதியதற்கு இடமில்லை. எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

எதிர் மேசை ஷிஹேப் எழுந்தான். இருவரும் ஒரே சோதனைக் கணினியில்தான் வேலை செய்தார்கள். இந்தத் தொல்லை அவனுக்குப் பழக்கம்.

"குடியிருக்கறவன் காலி பண்ண மாட்டேங்கறானா? கொஞ்சம் விட்டுப் பிடி, தானா போயிடுவான்," என்றான். "உன் மூஞ்சியைப் பார்த்தா முதல் ஆம்புலன்ஸ் உனக்குத்தான் வரணும் போலிருக்கு." பகல் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கக் கிளம்பிப் போய்விட்டான்.

விட்டுப் பிடித்தாள். சிவப்பு. இன்னும் ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தாள். சிவப்பு.

பன்னிரண்டரைக்கு ஸி மொன்சஃப் கூப்பிட்டார். பதினொரு வண்டியும் தயாராக நிற்கின்றன, ஓட்டுநர்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். "பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லு மகளே, பழசை அணைச்சிடறேன்." பத்து நிமிடம் கேட்டு வாங்கினாள்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது? சோதனைகளை ஓட்டும் கோப்பைத் திறந்து இரண்டு வரி சேர்த்தாள். சர்வர் தொடங்க முடியாவிட்டால் நின்றுவிடாதே, அடுத்த வேலையைப் பார். அவ்வளவுதான். சேமித்தாள்.

பச்சை. ஒன்று, இருபது, எழுபது. நூற்று நாற்பதும் பச்சை.

கண்ணை நம்ப முடியாமல், காலையில் மாற்றிய இடத்துக்கே போய் ஒரு வரியைத் திருத்தத் தொடங்கினாள். முடிவில் வர வேண்டிய அடைப்புக்குறியைப் போடுமுன்பே பதற்றத்தில் விரல் சேமித்துவிட்டது. நூற்று நாற்பது பச்சை. குறியைப் போட்டு மறுபடி சேமித்தாள். அப்போதும் பச்சை. மூன்று முறை பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

புதியதை நிலையத்துக்கு ஏற்றிவிட்டு, தொலைபேசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"அணைச்சாச்சு மகளே," என்றார் ஸி மொன்சஃப். "இனிமே எங்க வண்டி உங்க சொல்லுக்குத்தான் ஓடும்."

ஷிஹேப் கஃப்தேஜி என்ற பொரித்த காய்கறிக் கலவை அடைத்த இரண்டு ரொட்டிகளோடு திரும்பி வந்தான். பச்சையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். குடியிருந்தவனை எப்படிக் கிளப்பினாய் என்று கேட்டான். கிளப்பவில்லை, இரண்டு வரிதான் சேர்த்தேன் என்று அவள் அதைக் காட்டினாள்.

அவன் அந்த வரிகளைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். கேலி ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ரொட்டியைச் சுற்றிய காகிதத்தில் எண்ணெய் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. தெருவில் தொழுகைக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தம் முழுவதும் ஓய்ந்துவிட்டது.

"என்ன ஷிஹேப்?"

அவன் அவள் தோளுக்கு மேலே குனிந்தான். சர்வரின் மூலக் கோப்பைத் திறந்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேர்ந்தெடுத்து, மொத்தத்தையும் அழித்தான். ஒரு எழுத்துகூட மிஞ்சாத அந்த வெற்றுக் கோப்பைச் சேமித்தான்.

ஒன்று, இருபது, எழுபது. நூற்று நாற்பதும் பச்சை.

நஜ்லாவின் கை தொலைபேசியைத் தேடித் தடவியது. ஷிஹேப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் நான் ஓட விட்ட சர்வரை நிறுத்தாமலே வீட்டுக்குப் போயிட்டேன்," என்றான். "நாலாயிரத்துல உட்கார்ந்து பதில் சொல்றது அதுதான். இது நேத்தோட பச்சை, நஜ்லா."