கதவு இருக்கும் பக்கம்

தொலைத்தொடர்பு முதுகலை மாணவர்களுக்கு அடிப்படைக் கணிதம் எடுக்கும் செண்பகவல்லி, வருடாவருடம் அதே அலையைத்தான் வரைவாள். கரும்பலகையின் இடது ஓரத்தில் தொடங்கி, வலது ஓரத்தையும் தாண்டிச் சுவரில் இழுத்து, சன்னலருகே சாக்பீஸ் தேய்ந்ததும் நிறுத்துவாள். தோள்வலியால் அவளுடைய அலைமுகடுகள் எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். “சுத்தமான அலைக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. இப்படியே போயிட்டிருக்கும்.” முன்பெல்லாம் இந்த இடத்தில் சிரிப்பார்கள். இந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை. ஆரோக்கியதாஸ் மட்டும் கை தூக்கினான். “முடிவ சுவர் வரைக்கும் கொண்டுபோனீங்க மேடம். ஆரம்பத்த மட்டும் ஏன் போர்டுலயே விட்டுட்டீங்க?”

“அந்தப் பக்கம் கதவு இருக்குப்பா,” என்றாள் அலுப்புடன்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தாள். பலகையின் இடது ஓரத்திலிருந்து அலை கதவைக் கடந்து வெளியே போயிருந்தது. எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பவள், வரும்போது கவனிக்கவில்லை. பையன்கள் வேலை, துடைக்கச் சொல்ல வேண்டும் என்று எண்ணியபடி அதன் கூடவே படியிறங்கினாள். போகப் போகக் கோடு பழையதாகிக்கொண்டே வந்தது. மதில்சுவரில் அதன் மேல் பாசி படர்ந்திருந்தது. முகடுகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

மாடியிலிருந்து ஆரோக்கியதாஸ் கூப்பிட்டான். “மேடம், கிளாஸ் இருக்கே?”

“நீங்க ஆரம்பிச்சிருங்கப்பா.”

மதில் முடிந்த இடத்தில் கோடு அடுத்த கட்டடத்தின் சுவரில் தொடர்ந்து, அவள் தினமும் வந்திறங்கும் பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. செண்பகவல்லி வலது தோளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தாள்.