ஆறு மணிக்கு அணையும் அறை

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியுமாம்மா?" என்று ருக்குமணியின் மகன் ஒருமுறை கேட்டான். "தெரியாதுடா, அதுக்கெல்லாம் மனுசங்க வேணும்" என்று சிரித்தாள். இப்போது, ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டே படிக்க வந்த கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு அசைன்மெண்டும் ஒண்ணா இருக்கே, யாரு யாரைப் பார்த்தது?" என்கிறார் விரிவுரையாளர் சிவநேசன். "அக்காதான் சார். பாவமேன்னு காட்டினேன்லா" என்கிறாள் பக்கத்து இருக்கை காமாரியா, கண் இமைக்காமல். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தவள் ருக்குமணி. காய்ச்சல் என்று கெஞ்சியதால்தான் காமாரியாவுக்குக் கொடுத்தாள். சிவநேசன் ருக்குமணிக்குப் பூஜ்யம் போடுகிறார். "ஃபேக்டரி அக்காவுக்கு எதுக்குலா படிப்பு" என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். வகுப்பு கலைகிறது. குளிரூட்டும் ஏர்கானின் இரைச்சல் மட்டும் மிஞ்ச, சன்னல் வெயில் விசைப்பலகைகள்மேல் மஞ்சளாய்ச் சாய்கிறது. ஆறு மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டர்களும் தாமாகவே அணையும், சேமிக்காதது அழிந்துபோகும். தோழிகளோடு சாப்பிடப் போன காமாரியாவின் திரையில் அடுத்த அசைன்மெண்ட் சேமிக்கப்படாமல் நிற்கிறது. ருக்குமணி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் வாரம், மவுஸைத் தொடவே கூசிய தன் கைமேல் கைவைத்து, சலிக்காமல் சொல்லிக்கொடுத்தவள் காமாரியாதான். ருக்குமணி குனிந்து, சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறாள். திரை பெயர் கேட்கிறது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'காமாரியா' என்று தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஃபெரி படகுக்கு நடக்கிறாள்.