கழுத்தில் தொங்கிய போட்டோ

“இது எல்லாம் இவங்கதானா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் செங்கல்லைத் தேய்த்துவிட்டதுபோல் சிவப்பு. லேப்டாப் போட்டோக்களில் இருந்தவளுக்கோ பீங்கான் தட்டு மாதிரி முகம்.

அதைக் காட்டிக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

போன வாரம் இதே அறையில்தான் டாக்டரம்மா ஸ்டுடியோக்காரரின் மனைவிக்கு வந்திருக்கிற நோய்க்குப் பெயர் சொன்னார். லூபஸ். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பை அடிக்கிற நோயாம். முகத்துச் சிவப்பு வெளியே தெரிகிற பாதிதான், உள்ளே கிட்னியிலும் கை வைத்துவிட்டது என்றார்.

இது எத்தனை நாளாக மருந்தில்லாமல் ஓடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் கிட்னி எவ்வளவு தூரம் அடிபட்டிருக்கும் என்று ஊகிக்க முடியும், முகம் எப்போது சிவந்தது என்று பழைய போட்டோக்களில் தெரியும், இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்.

ஸ்டுடியோக்காரரிடம் போய்ப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டால்?

மூன்று நாள் உட்கார்ந்து ஏழு வருடத்துப் போட்டோக்களையும் வருடவாரியாக அடுக்கினார். அடுக்கும்போது ஓரிடத்தில்கூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இருபது வருடமாக ஊரார் முகங்களைத் துடைத்துத் துடைத்து, துடைத்த முகம்தான் நிஜ முகம் என்று கண்ணுக்குப் பழகிவிட்டிருந்தது.

“எல்லாத்தையும் டச்சப் பண்ணிட்டேன் டாக்டர்.”

ஒரிஜினல் எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் பழசை அழித்துவிடுவார். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் இடம் அடைத்துக்கொள்ளும்.

ஏதாவது உதவியாகச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பில், தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினார். சிவப்பு கன்னத்தில் படர்ந்து வரும், ஆனால் மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்குகிற மடிப்பில் மட்டும் இருக்காது. அங்கே மவுஸுக்கு வேலையே இல்லை. வெயிலில் எடுத்த படம் என்றால் வேலை இரட்டிப்பு. சூட்டு உடம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறீர்களே, இதெல்லாம் எந்த வருடத்திலிருந்து என்று கேட்டார்.

அது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை. பல் தேய்க்கிற மாதிரி செய்துவந்த வேலைக்கு யார் தேதி வைத்துக்கொள்கிறார்கள்? நோயை முதலில் பார்த்தவரும் அவர்தான், பார்க்கப் பார்க்க அழித்தவரும் அவர்தான்.

மனைவி, கழுத்தில் மாட்டியிருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்குப் போவதாக இருந்தாள்.

டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்னப் படம்தான். இரண்டு கன்னத்திலும் சிவப்பு. இன்றைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. மடிப்பில் மட்டும் இல்லை. கீழே தேதி இருந்தது. நான்கு வருடம் முந்தைய தேதி.

அதை எடுத்த நாள் ஸ்டுடியோக்காரருக்கு மறக்கவில்லை. இருவரும் பேசிக்கொள்ளாத ஒன்பதாவது நாள். ஸ்டுடியோவுக்கு வாடிக்கையாளர் மாதிரி வாசல் வழியாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஆபீஸுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவரும் எடுத்தார். மவுஸைத் தொடவில்லை. இருக்கிற லட்சணம் அப்படியே இருக்கட்டும் என்று பிரிண்ட் போட்டு, வெட்டி, கவரில் போட்டு நீட்டினார். அவர் கையால் ஆன பழிவாங்கல் அவ்வளவுதான்.

அவள் பிரித்துப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

சமாதானமான பிறகு அவருக்கே அசிங்கமாக இருந்தது. வேறு எடுத்துத் தருகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் வரவில்லை. நான்கு வருடமாக அதையேதான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “இது எடுத்தப்போ உடம்பு எப்படி இருந்துச்சும்மா? அலுப்பு, விரல் மூட்டு வலி, அந்த மாதிரி ஏதாவது?”

மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இருந்துச்சு டாக்டர்” என்றார் ஸ்டுடியோக்காரர். “விரலை மடக்க முடியல, காலையில எந்திரிக்க முடியலன்னு தினமும் சொன்னா. வேலை செய்யாம இருக்க நடிக்கிறியான்னு கேட்டேன். அதுலதான் சண்டை.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். காலையில் விறைப்பு, மூட்டு வலி, அசதி, நான்கு வருடம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் இருந்த நான்கின் கீழே ஒரு கோடு போட்டார்.

மிச்சத்தை அவர் எழுதிக்கொள்ளவில்லை.