சல்லடையில் தங்கியது

அந்த வாரம் மூன்றாவது முறையாக மேனேஜர் என் ஷூவுக்குள் ஒன்றுக்குப் போயிருந்தார்.

மேனேஜர் என்பது எங்கள் பூனை. ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல் வீட்டில் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அக்கா வைத்த பட்டப்பெயர்.

மூன்று வருடமாகப் பால்கனி மூலையில் இருக்கும் மணல் பெட்டியைத் தவிர வேறெங்கும் போகாதவர். இப்போது ஷூ, கால்மிதி, துவைக்க வைத்த துணி என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் சும்மா நின்றுபோகாது என்பது தொழிலில் கற்றது. சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு.

முதலில் உடம்பைக் கழித்தேன். கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றார். பூனைக்குப் பெட்டியில் ஏதோ பிடிக்கவில்லை, அதைக் கண்டுபிடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பெட்டியை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். ஞாயிறு மாலை பழைய மணலை எல்லாம் கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்பினேன்.

நான் நிரப்பி முடிப்பதற்குள் மேனேஜர் உள்ளே இறங்கிவிட்டார். காரியத்தை முடித்து, பாங்காக மூடிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

திங்கள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டி ஓரத்தில் நின்று முகர்ந்தார். முன்காலை உதறினார். நேராக என் ஷூவை நோக்கி நடந்தார்.

எனக்கு எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. ஞாயிறு மாலை ஓடிய லிஃப்ட் திங்கள் காலை நிற்கிறது. நடுவில் என்ன ஆனது?

ஒன்றே ஒன்றுதான். அக்கா வழக்கம்போலப் பெட்டியைச் சுத்தம் செய்திருந்தாள்.

கைக்குப் புதிதாக ஏதாவது கிரீம் போடுகிறாளா என்று கேட்டேன். சோப்பு மாற்றினாளா என்று கேட்டேன். நான் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் என்று சிரித்தாள்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுபவள். இருபத்திரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறாள். வேனை வேறொருவர் ஓட்டுகிறார். ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருந்தால், மறுபடி ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வருகிற திங்கட்கிழமை அந்த ஆறு மாதம் முடிகிறது. அவள் இப்போதே வேனின் இருக்கை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வையைத் தொடங்கினார்.

மணலை அள்ளி அள்ளிச் சலித்தேன். நாலாவது சல்லடையில் வெள்ளையாக ஒன்று தங்கியது. ஈரத்தில் ஊதி, பாதி கரைந்திருந்தது. சுண்ணாம்புத் துண்டு என்று நினைத்து விரலால் புரட்டினேன். நடுவில் ஒரு கோடு இருந்தது.

அடுத்த சல்லடையில் இரண்டு. கடைசியில் ஒன்று, இன்னும் உடையாமல், முழுசாக.

மொத்தம் நாலு. திங்கள், செவ்வாய், புதன், இன்று காலை.

அந்த மாத்திரையைத் தினமும் அவள் உள்ளங்கையில் வைப்பவன் நான். தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பவனும் நான். தம்ளரை வைத்த கையோடு அவள் பால்கனிக்குப் பெட்டியைச் சுத்தம் செய்யப் போவாள். எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. அக்கா நாக்கடியில் மறைத்திருக்கிறாள்.

நிமிர்ந்தபோது அவள் பால்கனி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"அதைப் போட்டா மறந்துபோகுதுடா. தினமும் மனசுக்குள்ள வண்டி ஓட்டிப் பாக்கறேன். எந்தப் பிள்ளை எந்த வாசல்ல இறங்கணும்னே வரமாட்டேங்குது. நிறுத்தினதும் எல்லாம் வந்துடுச்சு."

எப்போது நிறுத்தினாள் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றாள்.

மூன்று வாரமாக ஒன்றும் ஆகவில்லையே, அதுவரைக்கும் தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

அவள் குனிந்து மேனேஜரைத் தூக்கிக்கொண்டாள்.

"போன செவ்வாய் வந்துச்சு. நீ வேலைக்குப் போயிருந்தே. முழிச்சுப் பாக்கறேன், தரையில கிடக்கறேன். இது என் நெஞ்சு மேல உக்காந்திருக்கு."

எனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

நான் டாக்டருக்கு போன் போட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மறதி வருகிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பாராம். உடனே கூட்டிவரச் சொன்னார். ஆறு மாதக் கணக்கு போன செவ்வாயிலிருந்து மறுபடி தொடங்கும் என்றார்.

சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் வேன் ஓட்டும் ஆள்.

திங்கட்கிழமையும் நீங்களே ஓட்டுங்கள் என்றாள். பிறகு, இத்தனை மாதத்தில் அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தாள். நீலக் கேட்டில் இறங்கும் சின்னவள் வீட்டுக்குள் போனதும் கதவைத் திறந்து கையசைப்பாள், அதற்குள் வண்டியை எடுத்துவிடாதீர்கள் என்றாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த பிள்ளைக்குப் போனாள்.