விசிறி இழுத்த காற்று

விசிறியின் வாயிலிருந்துதான் அந்த வாசனை வந்தது.

புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கோரலி ரப்பர் குழாயைக் கீழே போட்டாள். இரட்டை வீட்டில் அவர்கள் பாதியின் வெளிச்சுவர் உச்சியில், பரணின் சூட்டை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டு விசிறி சுற்றியது. அவள் கணவன் ராய்ஸ் போன வாரம் தானே பொருத்தியது.

அதற்கு நேர் கீழே வெஸ்லியின் அறை. ஒன்றரை வயது. மதியத் தூக்கம்.

ஓடிப்போய்க் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி புல்வெளிக்கு வந்த பிறகுதான் கத்தினாள்.

ராய்ஸ் பாதி சாண்ட்விச்சோடு வந்தான்.

"பிளாஸ்டிக் கருகுது. மேல ஏறிப் பாரு."

"உன் மூக்கு இருக்கறப்ப ஊருக்குத் தீயணைப்பு வண்டி எதுக்கு, கண்ணு?"

பரண் விசிறிகள் தீப்பிடிப்பதைப் பற்றிப் படித்ததை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. மோட்டார் இறுகினால் சூடேறும். வெப்பம் தடுக்கப் பரணில் பரப்பிய பஞ்சில் பற்றும். விசிறி புகையை வெளியே தள்ளித் தீக்குக் காற்றும் ஊட்டும். கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ராய்ஸ் பரண் ஏறினான். டெக்சாஸின் ஆகஸ்ட் வெயில் குழந்தையின் தலையில் விழாமல் கோரலி கையால் மறைத்தாள்.

விசிறியின் தகடுகள் வழியாக அவன் குரல் வந்தது.

"மோட்டார் மேலயே கைய வச்சிருக்கேன். பூன வயிறு மாதிரி இதமா இருக்கு."

"நிறுத்திடு. எனக்காக."

விசிறி நின்றது. சற்று நேரத்தில் வாசனையும் நின்றது.

மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். ஈரப் புல். சூடான தார். வேறொன்றும் இல்லை.

விசிறிதான். உள்ளே போய்க் குழந்தையைப் படுக்கையில் கிடத்தினாள்.

கூடத்தில் ராய்ஸ் மடிப்பு ஏணியை மேலே தள்ளி மூடினான். தோளெல்லாம் பஞ்சுத் தூசி.

"நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடறேன், போதுமா? இத வச்சு நமக்கு என்ன லாபம்? நடுச்சுவரு கூரை வரைக்கும் போகவே இல்ல. மேல ஒரு முழம் தொறந்து கெடக்கு. பக்கத்துப் பாதியில இருக்கற மார்வின் வீட்டுப் பரண் காத்தத்தான் இது இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. நம்ம கரண்டு, அந்தக் கெழவனுக்குக் குளுகுளு!"

சிரித்தான்.

கோரலியின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. மோட்டாரில் சூடே இல்லை; கருகிய காற்று மார்வினின் பரணிலிருந்து வந்திருக்கிறது.

இதே கூரையின் மறுபாதியில், சுவருக்கு அந்தப்புறம், மார்வினின் தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தையை வாரி எடுத்தாள். மறுகை முட்டியால் சுவரை இடித்தாள். மறுபடி மறுபடி இடித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து மார்வினும் தட்டினார். உற்சாகமாக. அவருடைய அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.